பதினோரு வருடம் தண்ணீரில் கிடந்த சாலை

போர்ட் கல்லினன்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தெல்மா அக்காவுக்கு, தம்பி லீத் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம். அங்கே நீயும் வெர்ன் அத்தானும், அத்தானின் புது முழங்காலும் சுகம்தானே?

ஈஸ்டருக்குக் கேரவனோடு வருகிறோம், நீதான் சுற்றுலாத் தகவல் மையத்தில் இருக்கிறாயே, ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று எழுது என்று கேட்டிருந்தாய். போன வியாழன் வரை இருந்தேன், அக்கா. இப்போது என் மஞ்சள் சட்டையும் பெயர் அட்டையும் மேலாளர் டானிகாவின் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. என்னைத் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை கமிட்டி கூடி முடிவு செய்யப் போகிறது. உன் கையால் ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டும். ‘என் தம்பி பொய் சொல்லமாட்டான்’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நம் ஊர்க்காரன் எவனும் தன் இடத்தை வெளியூர்க்காரனுக்குக் காட்டிக் கொடுக்கமாட்டான் என்பது உனக்குத் தெரியாததல்ல. மையத்தில் உட்காரும் தொண்டர்கள் ஆறு பேரும் இந்த ஊர்க்காரர்கள்தானே. க்வெண்டாவுக்கு நிழலான குளிக்கும் துறை ஒன்று உண்டு. யார் கேட்டாலும் அங்கே ஜெல்லிமீன் என்பாள், பன்னிரண்டு மாதமும். நெவிலுக்கு இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ அப்பம் விற்கும் ஒரு கடை. “அத மூடி ஆறு மாசம் ஆச்சுங்க” என்று முகம் வாடச் சொல்வான், உதட்டோரத்தில் அப்பத் துணுக்கு ஒட்டியிருக்கும். எனக்குக் கானட் முனைப் பாறை. கிழங்கான் மீன் அங்கே கொத்துவதுபோல் எங்கும் கொத்தாது. அதனால் அந்தச் சாலையில் தண்ணீர் நிற்கிறது என்று பதினோரு வருடமாகச் சொல்லிவருகிறேன். வருகிறவர்களை எங்கேயாவது அனுப்ப வேண்டுமே? யாருக்கும் வேண்டாத இடம் கழிவுநீர் சுத்திகரிப்புக் குளங்கள்தான். பறவை பார்க்கலாம் என்று வரைபடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்துவிடுவோம். இப்போது அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. இணையத்தில் ஐந்துக்கு நாலேமுக்கால் நட்சத்திரம் வாங்கியிருக்கிறது.

போன மாதம் அடிலெய்டிலிருந்து ஒருவர் வந்தார். வழக்கப்படி தண்ணீர் என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். பதினோரு வருடமாக என்று வாய் முந்திக்கொண்டது. அந்த ஆள் ஓய்வு பெற்ற சாலைப் பொறியாளர் என்று எனக்கென்ன தெரியும்? நகராட்சிக்கு மூன்று பக்கம் புகார், படம் வரைந்து, அம்புக்குறி போட்டு. நாலு மாதமாக ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் நகராட்சி பம்பு, மண்வாரி இயந்திரம், ஆள் நாலு பேர் என்று வியாழன் காலை அனுப்பிவிட்டது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு சாலையின் கடைசிவரை வந்தார்கள். அங்கே நான் நிற்கிறேன். மையத்துக்குப் போகும் வழியில் சற்றுத் தூண்டில் போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தவன். ‘என்னைக் கேளுங்கள்’ என்று முதுகில் எழுதிய மஞ்சள் சட்டை, கையில் தூண்டில், வாளியில் ஒன்பது கிழங்கான்.

“என்ன பெருசு, தண்ணி எங்க?” என்றான் மேஸ்திரி டாரில்.

கடலைக் காட்டியிருக்கலாம். பழகிய வாய். “இந்தப் பக்கம் வராதீங்க, ரோடு பூரா தண்ணி” என்றேன்.

“அதுலதானய்யா இப்ப வந்தோம்?”

“நீச்சல் தெரிஞ்ச ஆளுங்க போலருக்கு.”

அவன் ஒரு போட்டோ எடுத்தான். அது எனக்கு முன்னால் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

“இத்தன வருஷத்துல எத்தன பேர்கிட்ட இப்பிடிச் சொல்லியிருப்பீங்க, லீத்?” என்றாள் டானிகா.

“கேட்டவங்க எல்லார்கிட்டயும்” என்றேன். அதுவாவது உண்மை.

சிரிக்காதே, அக்கா. என் வீட்டுக்காரி மெர்ல் போய்ச் சேர்ந்த பிறகு என்னோடு பேச ஆள் வருகிற இடம் அது ஒன்றுதான். பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் வருகிறார்கள். அவர்களிடமும் பேர் கேட்டு, ஊர் கேட்டு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வேன். இன்றும் என் முறை நாள். சட்டை இல்லாமல் எதிர்ப்பக்கத்து பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அழுகையே வந்துவிட்டது. திருந்திவிட்டேன், சத்தியமாக. இனி யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்வேன்.

உங்கள் மழைத்தொட்டி நிரம்பட்டும், கேரவன் டயர் வெடிக்காமல் இருக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
லீத்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. நற்சான்று வேண்டாம். கமிட்டிக்குச் சாட்சி சொல்ல வந்த டாரில், “நெஞ்சளவு தண்ணிங்க, என் கண்ணால பாத்தேன். போட்டோவா? அது வேற ரோடு” என்று சொல்லிவிட்டான். கமிட்டி என்னிடம் மன்னிப்புக் கேட்டது. சட்டை கிடைத்துவிட்டது. நகராட்சி சாலையை முறைப்படி மூடி, குறுக்கே பலகையும் வைத்துவிட்டது. வைத்தவன் டாரில்தான். இன்று காலை பாறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு பிடித்தான். ஈஸ்டருக்கு அத்தான் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். கூடப் பிறந்தவளிடம் மறைப்பேனா, கானட் முனைச் சாலையில் இப்போது ஒரே தண்ணீர். குளங்களுக்குப் போங்கள், பறவைகள் பிரமாதம்.