பை கொண்டு வந்தவர்

"பை உங்களுதா சார், இல்ல கடைப் பை வேணுமா?"

"என்னுது. வீட்லேர்ந்து கொண்டு வந்தது," என்றார் குமாஸ்தா. மெடல் வாங்குபவர் கழுத்தை நீட்டுவது போலப் பையை நீட்டினார்.

"அப்ப நீங்களேதான் அடுக்கிக்கணும். கஸ்டமர் பையை நாங்க தொடக் கூடாது. கடைப் பை வாங்கினா மட்டும்தான் நாங்க அடுக்கித் தருவோம்," என்றாள் பில் போடும் பெண்.

குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா அநியாயம்! பையை மறந்துட்டு வர்றவனுக்கு ராஜ உபசாரம், ஞாபகமா கொண்டு வர்றவனுக்குத் தண்டனையா?"

"ரூல்ஸ் சார்."

"சரி, கடைப் பை வாங்கினா யாரு அடுக்குவா?"

"அடுக்குற அண்ணன் இன்னைக்கு லீவு சார்."

இதற்கு மேல் என்ன கேட்பது? இன்சூரன்ஸ் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக இதே மாதிரி பதில்களைப் பிறருக்குச் சொல்லி வந்தவர் அவர். இன்றுதான் முதல் முறையாக அது அவர் பக்கம் திரும்பியிருந்தது.

கடைப் பை வாங்கும் பேச்சுக்கே அவர் வீட்டில் இடமில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் பையை மறப்பதும், போன இடத்தில் புதுசு வாங்குவதும் அவருக்குப் பழக்கமாகிவிட்டது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் பைக்குள் பை, அதற்குள் பை என்று ஒரு மூட்டையே தொங்குகிறது. கதவை முழுசாகத் திறந்து பல மாதமாகிறது. போன தடவை இன்னொன்றோடு வந்து நின்றபோது அவர் மனைவி நிதானமாகச் சொன்னாள்: "இனி ஒரு புதுப் பை இந்த வாசப்படி ஏறினா, அதைக் கொண்டு வந்தவரும் அதோடயே வெளியில இருந்துக்கலாம்."

அதனால்தான் இன்று செருப்பு மாட்டுவதற்கு முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

பையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. கேக். அவருடைய மகளுக்கு இன்று பிறந்தநாள். சாயந்திரம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். போன வருஷம் கேக்கை அடியில் வைத்து அதன்மேல் தர்பூசணியை வைத்துக் கொண்டு வந்தவர் இவர். பெட்டியைத் திறந்து பார்த்த குழந்தை அழக்கூட இல்லை. "அப்பா, கேக் ஏன்ப்பா படுத்திருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி ஒரு வருஷமாக அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் ஐஸ்கிரீம் கேக். பெட்டியின் மூடி வழியே தெரியும்படி உச்சியில் ரோஸ் கலர் முயல். ஃப்ரீசரில் இருந்த கடைசி கேக் அதுதான். முயலுக்கு ஒரு காது லேசாக மடங்கியிருந்தது. பரவாயில்லை, முயல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறதே, அது போதும் என்று எடுத்துக்கொண்டார்.

அடுக்கும் வேலையில் இனி ஒரு பிழையும் வரக் கூடாது என்று ஒரு வாரமாக ஆபீஸ் விட்டு வந்ததும் சோபா தலையணைகளையும் டப்பாக்களையும் வைத்துப் பயிற்சி எடுத்திருந்தார். அந்தப் பயிற்சி இப்போது கைகொடுத்தது. பில்லை மடித்து முதலில் பையின் அடியில் போட்டார். பறந்துவிடக் கூடாதல்லவா? அதன்மேல் அரிசி. பக்கச் சுவராக டப்பாக்கள். நடுவில் துண்டில் சுற்றிய முட்டை. சோப்புத் தூள் தனி மூலையில், மேலே தக்காளி. கேக்குக்கு மட்டும் உச்சியில் இடம் விட்டுக் கையை எடுத்தார்.

"அடேயப்பா! எவ்வளவு அழகா அடுக்குறீங்க!" என்றாள் பின்னால் நின்ற ஒரு அம்மாள். "என்னுதையும் கொஞ்சம் வச்சுக் குடுத்துடறீங்களா? எனக்குக் குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து குமாஸ்தாவை யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. கேக்குக்கு முன்னால் அவரே உருகிவிட்டார். "இது ஒரு நிமிஷ வேலைம்மா," என்று அந்த அம்மாளின் பையை வாங்கினார். கேக் பெட்டியைப் பில் பெண்ணிடம் கொடுத்து, "இதை ஃப்ரீசர்ல ஒரு நிமிஷம் வச்சிரும்மா," என்றார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. அந்த அம்மாள் நகர்ந்ததும் அடுத்தவர் தன் பையை நீட்டினார்.

"சார், நான் இங்க வேலை பாக்கறவன் இல்ல."

"அப்ப அந்தம்மாவுக்கு மட்டும் ஏன் அடுக்கினீங்க? உங்க சொந்தக்காரங்களா?"

நியாயமான கேள்வி. இன்னும் ஒன்றுதானே என்று அவருக்கும் அடுக்கிக் கொடுத்தார். இரண்டு பேருக்கு ஒருவர் அடுக்கினால் மூன்றாமவர் சந்தேகமே படுவதில்லை. மற்ற கவுண்டர்களில் நின்றவர்களும் "அங்க ஆள் இருக்கு" என்று இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். குமாஸ்தா வெளியே வரப் பார்த்தார். வரிசை அவரைச் சுற்றி நின்றது.

"என்ன இங்க கூட்டம்?"

கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையில் பேனா, முன்னால் சாமான் நிறைந்த ஒரு டிராலி. அதைத் தள்ளிக்கொண்டே வந்தார் ஒருவர். குரலைக் கேட்டதும் பில் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேனேஜர்தான் என்று குமாஸ்தா அந்தக் கணமே முடிவு கட்டினார்.

"சார், நல்லவேளை வந்தீங்க. நான் வந்து..."

"வந்து போயி எல்லாம் அப்புறம். ஏப்ரன் எங்கய்யா?"

"இல்ல சார், நான்..."

"இல்லைன்னா எடுத்து மாட்டிக்க வேண்டியதுதானே?" கண்ணாடிக்காரர் ஆணியில் தொங்கிய கடையின் சிவப்பு ஏப்ரனை எடுத்து அவர் கழுத்தில் மாட்டியேவிட்டார்.

கழற்றி எறிந்திருக்கலாமே என்று நாம் கேட்கலாம். ஆனால் கண்ணாடி போட்ட ஒருவர் குரலை உயர்த்தினால் குமாஸ்தாவின் கை தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அந்த வியாதிக்கு ஆபீஸில் மருந்து கிடையாது, பதவி உயர்வும் கிடையாது. அவர் அடுக்கினார்.

ஒரு பெரியவர் பையில்லாமல் வந்து திருதிருவென்று விழித்தார். கண்ணாடிக்காரர் குரல் சட்டென்று இளகிப்போனது. "பை மறந்துட்டீங்களா? அடடா. வீட்ல யாராவது இருக்காங்களா?"

"இல்லப்பா, நான் தனி ஆளு."

"குடுத்து வச்சவர்," என்றார் கண்ணாடிக்காரர். பிறகு குமாஸ்தாவின் பையை ஒரு மாதிரிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நல்ல பைய்யா இது."

குமாஸ்தாவின் போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"கடையிலதான். வாங்கியாச்சு."

"கேக்?"

"ஃப்ரீசர்ல இருக்கு."

"எந்த ஃப்ரீசர்ல?"

"கடை ஃப்ரீசர்ல."

"அப்ப இன்னும் வாங்கலையா?"

"வாங்கிட்டேன்மா. இன்னும் நாலு பேருக்கு அடுக்கிக் குடுத்துட்டு..."

போன் கையிலிருந்து பறந்தது. "அம்மா, அவரு டூட்டில இருக்காரு. வேலை முடிஞ்சு பேசுவாரு," என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார் கண்ணாடிக்காரர். உடனே அவர் சட்டைப் பையில் இன்னொரு போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், முகம் சுருங்கியது, அதையும் துண்டித்தார்.

குமாஸ்தா குனிந்து ஏப்ரனைப் பார்த்தார். டூட்டியா? என்ன நினைத்திருப்பாள்? வீட்டுக்குப் போனதும் விளக்கிக்கொள்ளலாம், இந்த ஒருவரோடு ஓடிவிடலாம் என்று அடுத்த சாமானை எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே உறைந்து போனார்.

பில் போட்ட சாமான் நகர்ந்து வரும் பெல்ட்டில் முயல் வந்துகொண்டிருந்தது.

ரோஸ் கலர் முயல். ஒரு காது மடங்கிய முயல். பின்னால் மீசையை முறுக்கியபடி ஒரு ஆள்.

"இது என்னுது!" என்று அலறினார் குமாஸ்தா.

"இப்பத்தான் ஃப்ரீசர்ல எடுத்தேன். எப்படிய்யா உன்னுதாகும்?" என்றார் மீசைக்காரர்.

பில் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ, விக்கிற ஃப்ரீசர்லயே வச்சிட்டேன் சார்."

"நான் பில் போட்டாச்சு! பில் இருக்கு!"

"காட்டு," என்றார் கண்ணாடிக்காரர்.

குமாஸ்தா தன் பையைப் பார்த்தார். பில் அடியில் இருந்தது. அதன்மேல் அரிசி, டப்பாக்கள், துண்டில் முட்டை, தக்காளி. ஒரு வாரப் பயிற்சியில் அவர் அடுக்கியதை அவராலேயே சட்டென்று கலைக்க முடியவில்லை. அதற்குள் மீசைக்காரர் கேக்கை நோக்கிக் கை நீட்ட, குமாஸ்தா பதறிப்போய் பெட்டியை எடுத்துத் தன் பையின் உச்சியில் வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா! கடையில வேலை பாத்துக்கிட்டே திருடறான்!" என்று கத்தினார் மீசைக்காரர்.

வரிசை மொத்தமும் திரும்பியது. குமாஸ்தா ஒரு ஊசியைக்கூட யாரிடமிருந்தும் கேட்காமல் எடுக்காத மனிதர். சிவப்பு ஏப்ரனும், பையில் முயலுமாக, திருடன் பட்டத்தோடு நின்றார்.

"ஏங்க..."

வாசலில், அடுத்த தெரு வீட்டிலிருந்து ஓடி வந்த அவர் மனைவி. அவள் கையைப் பிடித்தபடி, புதுச் சட்டை போட்ட மகள்.

மனைவி ஏப்ரனைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் ஏப்ரனைப் பார்த்தாள். திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டவருக்கு விம்மல் சத்தம்தான் கேட்டது.

"எப்பங்க வேலை போச்சு?"

"என்னது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன அவ்வளவு பொல்லாதவளா? ஒரு வாரமா தலையணையைப் பைக்குள்ள அடுக்கி அடுக்கி எடுத்தீங்களே, அது இதுக்குத்தானா!"

"ஐயோ, இல்லம்மா, ஆபீஸ் வேலை அப்படியேதான்..."

"போதுங்க, இன்னும் மறைக்காதீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கண்ணாடிக்காரர் முன்னால் போய்க் கைகூப்பினாள். "சார், அவரு தப்பு பண்றவர் இல்ல சார். புள்ளைக்குப் பிறந்தநாள், அந்த ஆசையில எடுத்துட்டாரு. குடும்பஸ்தர். வேலையில மட்டும் கை வச்சிடாதீங்க."

பக்கத்துக் கவுண்டரில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். மீசைக்காரர் முறுக்கிய மீசையை இறக்கிவிட்டார்.

மகள் பையை எட்டிப் பார்த்தாள். "அப்பா! முயல் உக்காந்திருக்கு!"

"பாப்பாவுக்கா?" என்றார் மீசைக்காரர். "அப்ப வச்சுக்கட்டும். என் பில்லுலேர்ந்து அதை எடுத்துரும்மா."

எல்லோரும் மூச்சுவிட்டார்கள், கண்ணாடிக்காரரைத் தவிர. அவர் டிராலியின் கைப்பிடியைத் தட்டினார். "அதெல்லாம் சரி. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு. உன்னை வேலையை விட்டு நீக்கிட்டேன். ஏப்ரனைக் கழட்டு."

இதோ விடுதலை. குமாஸ்தா துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அவர் காதுக்கு அந்த வார்த்தைகள் இடியாக இறங்கின. இருபத்திரண்டு வருஷமாக அவர் பயந்து பயந்து கேட்காமல் தப்பித்து வந்த வார்த்தைகள் அவை.

"சார்! ஒரே ஒரு சான்ஸ் சார்!" என்று அவர் வாயிலிருந்து தானாக வந்தது. சொன்ன பிறகு அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது.

"மன்னிச்சிருங்க சார்," என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

கண்ணாடிக்காரர் பதில் சொல்வதற்குள் அவர் போன் மறுபடியும் அடித்தது. பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. டிராலியைத் திருப்பிக்கொண்டு பிஸ்கட் அலமாரிக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டார்.

குமாஸ்தா ஏப்ரனைக் கழற்றிப் பில் பெண்ணிடம் கொடுத்தார். மனைவி அவர் முதுகைத் தடவினாள். "விடுங்க, வேற இடம் கிடைக்கும்." பிறகு பில் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா, நாளைக்கு வந்து பேசினா உங்க மேனேஜர் மனசு மாறுவாரா?"

"எங்க மேனேஜர் லீவுல ஊருக்குப் போயிருக்காரும்மா. அடுத்த வாரம்தான் வருவாரு."

குமாஸ்தா சட்டென்று திரும்பினார். "அப்ப... இவ்வளவு நேரம் என்னை வேலை வாங்கிட்டு, வேலையை விட்டும் தூக்கினாரே, அவரு?"

பில் பெண் பிஸ்கட் அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு காலையில சாமான் வாங்க வந்த கஸ்டமர் சார். பை எடுத்துட்டு வர மறந்துட்டாராம், வீட்டுக்குப் போகப் பயந்துக்கிட்டு இங்கேயே சுத்திக்கிட்டு இருக்காரு."