டிவிக்குள் அடங்காத மாப்பிள்ளை

ஒரு குடும்பத்தில் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று பெயர் வந்துவிட்டால் அதற்குப் பிறகு அவனுக்கு நிம்மதி கிடையாது. அயர்ன் பெட்டி சூடாகாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நான் அந்தப் பெயரைச் சம்பாதித்தது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு. கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் எங்கள் ஒழுங்கையிலேயே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடவிடுகிற ஒரே ஆள் நான்தான். யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மா என் அறைக் கதவைத் திறந்து காட்டுவார். நானும் அவசரமே இல்லாமல் நாலு வரி ஓடவிடுவேன். (அந்த நாலில் இரண்டு வரி என்ன செய்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

உண்மையில் அந்தக் கம்ப்யூட்டரில் நான் செய்த வேலை பஸ் ஓட்டுவது. மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற கேம் ஒன்று. அது லினக்ஸுக்காகச் செய்யப்பட்டதல்ல. கெஞ்சிக் கூத்தாடி ஓட வைத்தேன். ஓடியது, ஆனால் திரையின் மூலையில், தபால் தலை அளவில் ஓடியது. முழுத் திரைக்கு மாற்றினால் பஸ் திரையை விட்டு வெளியே போய், எனக்கு வைப்பர் மட்டும் தெரிந்தது. இணையத்தில் முறையிட்டேன். முகம் தெரியாத ஒரு புண்ணியவான் ஒரு கட்டளையைக் கொடுத்தார். அதைப் போட்டதும் பஸ் ஒழுங்காக வந்தது. கேமை மூடிய பிறகு மற்ற எழுத்தெல்லாம் தேர்தல் போஸ்டர் அளவில் நின்றது. இன்னொருவர் சொன்னதைச் செய்தேன், திரை ஒரேயடியாகக் கறுத்துவிட்டது. வேலைக்குப் போகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் திரையின் அளவை மாற்றுகிற இந்த ரெசல்யூஷன் சண்டைதான்.

கடைசியில் நானே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். கேம் தொடங்கும்போது அது திரையின் ரெசல்யூஷனைக் குறைக்கும். கேமை முறைப்படி மூடினால் பழையபடி கூட்டிவிடும். முறைப்படி மூடாமல் கழுத்தை நெரித்து நிறுத்தினால் அந்தக் கூட்டுகிற வரி ஓடாது. அப்போது உள்ளே படம் பழைய பெரிய அளவிலேயே இருக்கும், ஆனால் திரை அதில் இடப்பக்க மேல் பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். வலது ஓரமும் அடி ஓரமும் யார் கண்ணிலும் படாது. இது எனக்குத் தெரியும். நல்லாவே தெரியும்.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். தர்ஷினி அக்கா கண்டி டவுனில் ஒரு தனியார் லேப்பில் இரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருந்தாள். அந்த வேலை அவளுக்கு உயிர். வந்த சம்பந்தமெல்லாம் அந்த இடத்தில்தான் முறிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டாரும் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள், அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவுக்கு முப்பது தாண்டியபோது அம்மா கோயில் கோயிலாக ஏற ஆரம்பித்தார். அந்த நேரத்தில் பண்டாரவளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் சுதாகர், கொழும்பில் வேலை. தரகர் கொண்டுவந்த போட்டோவில் அடர்த்தியான முடியோடு அழகாக இருந்தார். பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு நாளும் குறித்தாயிற்று.

சனிக்கிழமை கொட்டிய மழையில் வழியில் மண்சரிவு. பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. நல்ல நாளைத் தள்ளிப்போட அம்மாவுக்கு மனமில்லை, அந்தப் பக்கத்து அம்மாவுக்கும் மனமில்லை. அப்படியானால் வீடியோ கோலில் பார்த்துக்கொள்வோம் என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள். ஃபோனில் பார்க்கலாம் என்று அக்கா சொன்னாள். அப்பா சம்மதிக்கவில்லை.

“பொண்ணோட வாழ்க்கையை உள்ளங்கை அளவுல பாத்து முடிவு பண்ண முடியாது. பெருசா பாக்கணும்.”

பெருசா என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹோலில் இருக்கிற டிவியில் கம்ப்யூட்டரைப் பொருத்திவிடலாம், மாப்பிள்ளையை ஆளுயரத்தில் காட்டுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். யாரும் ஆளுயரத்தில் கேட்கவில்லை.

ஞாயிறு காலை கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து மாட்டினேன். கேமராவை டிவியின் தலையில் ஒட்டினேன். படம் பளிச்சென்று வந்தது. இவ்வளவு பெரிய திரை கைக்கு வந்த பிறகு பரிசோதித்துப் பார்க்காமல் இருப்பது தொழில் தர்மம் அல்ல என்று எனக்குத் தோன்றியது. (அதாவது பஸ் ஓட்டினேன்.) ஒரு வளைவில் பஸ் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அதே நேரம் அம்மா, “இன்னும் குளிக்கலையாடா நீ?” என்று குசினியிலிருந்து வந்தார். கேமின் கழுத்தை நெரித்துவிட்டுக் குளிக்க ஓடினேன்.

திரும்பி வந்து பார்த்தபோது திரையின் அடியில் இருக்க வேண்டிய கடிகாரத்தைக் காணவில்லை. டிவி என்றால் ஓரம் கொஞ்சம் போகும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல நேரம் முடிவதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்று அப்பா கதிரைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் என் பெயரைப் பணயம் வைத்து, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

கோல் வந்தது. முதலில் சத்தம் இல்லை. திரையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்கம் இரண்டு அம்மாமார். அவர்களுக்கு இந்தப் பக்கம், டிவியின் வலது ஓரத்தை அடைத்துக்கொண்டு, கோட்டுப் போட்டுக் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை. நான் வயரை ஆட்டினேன். சத்தம் வந்த அந்த நொடியில் ஓர் அம்மா வலப்பக்கம் கையை நீட்டி, “இவர்தாங்க மாப்பிள்ள” என்றார். கழுத்துப்பட்டிக்காரர் மலர்ந்த முகத்தோடு எங்களுக்குக் கைகூப்பினார்.

அம்மாவின் கையிலிருந்த பலகாரத் தட்டு சாய்ந்தது. அப்பா என் காதில், அந்தப் போட்டோ எந்தக் காலத்தில் எடுத்ததாக இருக்கும் என்று கேட்டார். தரகர் கொண்டுவருகிற போட்டோ என்றால் எங்கள் ஆட்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பத்து வருஷம் பழசாக இருக்கலாம் என்று எல்லோரும் முன்கூட்டியே கழித்துத்தான் பார்ப்பார்கள். இருபத்தைந்து வருஷம் கழிக்க வேண்டியிருக்கும் என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை.

மாப்பிள்ளை பேசினார். குரல் இளமையாக, தெளிவாக வந்தது. ஆனால் கழுத்துப்பட்டிக்காரரின் உதடு அசையவில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்டர்நெட் ஸ்லோம்மா. சத்தம் முன்னுக்கு வரும், வாய் பின்னுக்கு அசையும்,” என்றேன். நிபுணனின் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு இல்லை.

அக்கா மரபுப்படி குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் முகம் வெளுத்து மறுபடி குனிந்துகொண்டாள். அப்போது அந்தக் குரல் நேராக அவளிடமே ஒரு கேள்வி கேட்டது.

“நீங்க லேப்ல வேலை செய்றீங்கன்னு சொன்னாங்க. கல்யாணத்துக்குப் பொறகும் அந்த வேலையைச் செய்ய உங்களுக்கு விருப்பமா? விருப்பம்னா நாந்தான் கண்டிப் பக்கமா மாற்றம் எடுக்கணும், அதான் கேக்குறேன்.”

அக்கா விருப்பம் என்று மெதுவாகச் சொன்னாள். கழுத்துப்பட்டிக்காரர் மனநிறைவோடு தலையாட்டினார்.

வணக்கம் சொல்லி முடிந்தது. கோலைத் துண்டிக்கிற பொத்தான் திரையின் அடியில் இருக்கும். அடியே இல்லை. மவுஸைப் பாதாளம் வரை இழுத்துப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினேன். திரை கறுத்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

அம்மா அழ ஆரம்பித்தார். தன் பிள்ளைக்கு இப்படி ஒரு கிழவனா என்று முந்தானையில் மூக்கைச் சிந்தினார். தரகரின் காலை உடைக்கப் போவதாக அப்பா அறிவித்தார். (அப்பா எறும்பைக்கூடத் தாண்டித்தான் போவார்.) எனக்கு அந்த மண்டையின் பளபளப்பில் எங்கள் வீட்டு பல்ப் தெரிந்தது என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். அப்போது அக்கா வாயைத் திறந்தாள்.

“எனக்குச் சம்மதம்ப்பா.”

எங்கள் அவசரத்தைப் பார்த்துத்தான் இவள் கிணற்றில் விழுகிறாள் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, நீ காலமெல்லாம் வீட்டிலேயே இரு, ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்றார். அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் விடவில்லை.

“முடி இல்லாட்டிப் பரவால்லம்மா. வயசும் பரவால்ல. இத்தனை பேரு வந்தாங்க, உனக்கு என்னா விருப்பம்னு என்கிட்ட கேட்ட ஒரே மனுஷன் அவருதான். எனக்கு அவரு போதும்.”

பல்பைப் பற்றிச் சொன்னதற்கு வெட்கமாக இருந்தது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்தவர் ஸ்பீக்கரில் போட்டார். அதே இளமையான குரல்.

“அங்கிள், நான் சுதாகர். கோல் இன்னும் கட் ஆகலை. நீங்க டிவியை மட்டுந்தான் நிப்பாட்டியிருக்கீங்க. நாங்க கத்திக் கத்திப் பாத்தோம், உங்களுக்குக் கேக்கலை.” கொஞ்சம் தயங்கினார். “அப்புறம், அந்த மொட்டைத் தலை எங்க தாய்மாமா. நான் அவருக்குப் பக்கத்துல இருந்தேன்.”

பிறகு தெரிந்த விவரம் இது. பேசினால் காரியத்தைக் கெடுப்பார் என்று மாமாவை வாயே திறக்கக் கூடாது என்று அவருடைய மனைவி சொல்லி உட்கார வைத்திருக்கிறார். அந்த அத்தைதான் நாங்கள் பார்த்த இன்னோர் அம்மா. எங்கள் வீட்டு ஒப்பாரி முழுவதையும் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், பல்ப் உட்பட. அப்பா மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். சுதாகர் அதற்கு இடம் கொடுக்கவில்லை, முடியோடு இருந்தாலும் அக்காவுக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். அக்கா சிரித்ததை அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன். அம்மா பலகாரத் தட்டால் என் முதுகில் ஒன்று வைத்தார்.

கல்யாணம் நடந்தது. சுதாகர் அத்தான் சொன்னபடியே கண்டிக்கு மாற்றம் எடுத்து வந்தார். அக்கா இன்றும் லேப்புக்குப் போகிறாள். எங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் மாமா கழுத்துப்பட்டியோடு பண்டாரவளையிலிருந்து வந்துவிடுவார். புது ஆட்களிடம் தன்னை மூத்த மாப்பிள்ளை என்றும், அத்தானை இளைய மாப்பிள்ளை என்றும்தான் அறிமுகப்படுத்துவார். வாய்ப்பூட்டெல்லாம் எப்போதோ கழன்றுவிட்டது.

போன தீபாவளிக்கு அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏதோ பலகாரம் தரப்போகிறார் என்று போனேன்.

“தம்பி, உங்க அக்கா நல்லா இருக்கா, சுதாகரும் நல்லா இருக்கான், எல்லாருக்கும் சந்தோசம். சீனியைக் குறைங்கன்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கண்டியில ஒரு பொண்ணு என்னைய இப்படியே கட்டிக்கிறேன்னு சொன்னா தெரியுமான்னு இந்த மனுஷன் ஆரம்பிக்கிறாரு. நீங்க பண்ண வேலைக்கு இந்த வயசுல நாந்தான் அனுபவிக்கிறேன்.”