பிறவிக் கோளாறு

பற்பசை போட்டுக் காசைத் தேய்த்துக்கொண்டிருந்த ஃபிட்டரை அவர் மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"பல்லைக்கூட இவ்வளவு பொறுமையா தேய்ச்சதில்லையே நீங்க?"

"இது காசு இல்லடி, வீடு! எழுத்தெல்லாம் இடம் வலமா மாறிச் சிங்கத் தலை மேலயே விழுந்திருக்கு பாரு. அச்சடிக்கும்போதே நடந்த தப்பு. லட்சக்கணக்குல போகுதாம். முதலாளியே பேப்பர்ல படிச்சுக் காட்டினாரு."

காசு வந்ததும் முதலாளி கையிலிருந்துதான். டீ வாங்கக் கொடுத்த சில்லறையில் கிடந்தது. ஆளை வேலையிலிருந்து நிறுத்தினால் நஷ்டஈடாக ஒரு வருடச் சம்பளம் அழ வேண்டுமே என்று மூன்று மாதமாகப் புலம்பும் மனிதர், லட்சத்தை டீக்கு நீட்டிவிட்டார். தெரிந்தால் திருப்பிக் கேட்பாரே! அந்தப் பயத்தில் ஃபிட்டர் மறுநாளே பதினெட்டு வருட வேலையை ராஜினாமா செய்தார். போன மாதம்தான் பட்டறையின் டர்னரும் வெல்டரும் காரணமே சொல்லாமல் வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

முதலாளி ஏன் என்று கேட்கவில்லை. பேனாவைத் திறந்தே கொடுத்தார்.

"சொந்த விருப்பத்துல போறேன்னு ஒரு வரி சேத்துக்கய்யா."

சொல்லும்போது முதலாளிக்குக் கண்கூடக் கலங்கியது. இப்பேர்ப்பட்டவரையா ஏமாற்றுகிறோம் என்று ஃபிட்டருக்கு நெஞ்சு உறுத்தியது.

பழங்காசு வியாபாரி லென்ஸை எடுத்தார்.

"இதைத் தேய்ச்சது யாரு?"

"நான்தான். பளபளன்னு இருக்கட்டும்னு..."

"தேய்ச்சாலே பாதி விலை போயிடும்."

"மீதிப் பாதி?"

"அது இருந்தாத்தானே! பிறவிக் கோளாறு வேற, பின்னால பட்ட அடி வேற சார். எழுத்துக்கு அடியில தலை நசுங்கியிருக்கு பாருங்க. ஒழுங்கா அச்சான காசு இது. அப்புறம் யாரோ இன்னொரு காசை மேல வெச்சு இறுக்கியிருக்காங்க."

"எதுல இறுக்குவாங்க?"

"பட்டறையில இரும்பைக் கவ்விப் பிடிக்குமே, அந்த வைஸ்லதான்."

ஃபிட்டர் பதினெட்டு வருடம் வைஸ் திருகியவர். இதுகூடத் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு அழுகை முட்டியது. அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டார்.

"முதலாளி, பட்டறைக்கே திரும்ப வந்துடறேன். அந்தக் கடுதாசியைக் கிழிச்சுடுங்க."

"அடடா! அதுல அப்பவே கையெழுத்துப் போட்டுட்டேனேய்யா."

போன் வைக்கப்பட்டது. வியாபாரி தலை குனிந்துகொண்டார். கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரம்மா மட்டும் ஃபிட்டரைப் பாவமாகப் பார்த்தாள்.

"பாலத்தடிப் பட்டறைதானே அண்ணே? இன்னும் எத்தனை பேர் பாக்கி? போன மாசம் அந்த டர்னரும் வெல்டரும் இதே மாதிரி காசைத்தான் கொண்டுவந்தாங்க."