பெரியப்பா வீட்டு நீச்சல்குளப் பாதுகாப்பு உயர்மட்டக் குழு

ஒரு குழந்தை தண்ணீரில் விழாமல் இருப்பதற்கு மனித அறிவு இதுவரை கண்டடைந்த வழிகளுள் தலையாயது, குழு அமைப்பதே. மற்ற வழிகள் மட்டமானவை. வேலி போடலாம், வேலிக்குப் பேசத் தெரியாது. குழந்தையைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம், கண் வலிக்கும். குழுவுக்கோ தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, தீர்மானம் உண்டு, இடைவேளையில் பிஸ்கட்டும் உண்டு. அத்தகைய குழு ஒன்றின் செயலாளராகும் பேறு எனக்குக் கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே வாய்த்தது. தலைக்கனம் ஏறாமல் எழுத முயல்கிறேன்.

பெரியப்பா ஓய்வு பெற்றவர். உத்தியோகத்திலிருந்துதான் ஓய்வு, கூட்டம் நடத்துவதிலிருந்து அல்ல. அவருடைய அலுவலகத்தில் அவர் தலைமை தாங்காத கூட்டமே கிடையாது. அவற்றில் என்ன முடிவானது என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் எல்லாமே ‘ஆக்கபூர்வமாக’ நடந்தன. ஓய்வுக்குப் பிறகு கூட்டம் நடத்த வீட்டில் பெரியம்மா ஒருத்திதான் மிச்சம். அவளோடு உட்கார்ந்தால் முதல் தீர்மானத்திலேயே தலைவர் தோற்றுப்போகிறார். மனிதர் நொந்துபோய் வீட்டின் பின்பக்கத்துப் புல்வெளியைத் தோண்டி நீச்சல்குளம் கட்டிவிட்டார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. பெரியம்மாவைப் பொறுத்தவரை தண்ணீர் என்பது குடிப்பதற்கு. குளம் பேத்திக்காகக் கட்டப்பட்டது.

பேத்தியை நாங்கள் சுண்டெலி என்று கூப்பிடுவோம். மூன்று வயது. அவள் இன்ன இடத்தில் இருக்கிறாள் என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். அவளுடைய அம்மா, அதாவது பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா. பல் டாக்டர். நாளெல்லாம் பிறர் வாயைப் பார்ப்பவள் என்பதால், வாய் சொல்வதை அவள் அவ்வளவாக நம்புவதில்லை.

குளத்தைப் பார்க்க வந்த அன்று அக்கா, மகளை இடுப்பிலிருந்து இறக்காமலேயே கரையில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

“வேலி எங்கப்பா?”

“வேலியா? இது என்ன ஆட்டுப் பண்ணையா?” என்றார் பெரியப்பா.

“நாலு பக்கமும் வேலி வேணும். தானா மூடிக்கிற கதவு வேணும். கொண்டி இவ கைக்கு எட்டாத உயரத்துல இருக்கணும். அது வர்ற வரைக்கும் இவ இந்த வீட்டுக்கு வரமாட்டா.”

“வேலி போட்டா வியூ போயிடும்மா.”

“வியூ போனா திரும்ப வாங்கிக்கலாம்ப்பா,” என்று சொல்லிவிட்டு அக்கா காரில் ஏறிப் போய்விட்டாள்.

இந்த நெருக்கடியான சூழலில்தான் உயர்மட்டக் குழு பிறந்தது. தலைவர், பெரியப்பா. தொழில்நுட்ப உறுப்பினர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்காவின் கணவர், என் அத்தான். சட்ட ஆலோசகர், பக்கத்து வீட்டு வக்கீல். செயலாளர், விடுமுறையில் சும்மா கிடந்த நான். அக்காவைச் சேர்க்கவில்லை. குழந்தையைப் பெற்றவள் என்பதால் அவளால் இந்த விஷயத்தில் ‘நடுநிலை’ வகிக்க முடியாது என்று வக்கீல் எடுத்துச் சொன்னார்.

முதல் கூட்டத்தில் அறிவிப்புப் பலகை வைப்பதென முடிவானது. வாசகத்தை வக்கீல் தம் கைப்பட எழுதி வந்து கணீரென்று வாசித்தார்: “இந்நீர்நிலையின் எல்லைக்குள் பெரியவர் துணையின்றிப் பிரவேசிக்கும் சிறார்கள், அதனால் விளையும் ஈரம் உள்ளிட்ட சகல விளைவுகளுக்கும் தாமே பொறுப்பாவார்கள்.”

“சார், சுண்டெலிக்குப் படிக்கத் தெரியாதே,” என்றேன்.

“சட்டம் தெரியாதுன்னு சொன்னா எந்தக் கோர்ட்டும் ஏத்துக்காது தம்பி.”

“மூணு வயசு சார்.”

“அதை அப்பீல்ல சொல்லிக்கலாம்.”

பெரியப்பா மேசையைத் தட்டினார். நிர்வாக அனுபவம் என்பது இம்மாதிரி நேரத்தில்தான் வெளிப்படும். “எதுக்குச் சண்டை? இன்னொரு போர்டு வெச்சிடுவோம். படிக்கத் தெரியாதவங்க உள்ள வரக் கூடாதுன்னு.”

கைதட்டினோம். இரண்டு பலகைகளும் கனத்த இரும்புச் சட்டத்தில் செய்யப்பட்டு வந்து இறங்கின. இரண்டோடு நின்றால் அழகில்லை என்று பெரியப்பா மூன்றாவதாகவும் ஒன்று செய்யச் சொல்லியிருந்தார். ‘கதவை எப்போதும் மூடி வைக்கவும்.’ கதவு இன்னும் வரவில்லை. ஆனால் தொலைநோக்கு வேண்டும் அல்லவா.

இரண்டாவது கூட்டம் அத்தானுடையது. குளத்தைப் பார்த்தபடி ஒரு கேமராவைப் பொருத்தினார். “குழந்தை தண்ணிகிட்ட போனா உடனே எல்லார் போனுக்கும் செய்தி வந்துடும் மாமா. செயற்கை நுண்ணறிவு.”

சோதித்துப் பார்க்கக் குழந்தை வேண்டும். இருந்த ஒரே குழந்தைக்குத் தடை உத்தரவு இருந்ததால் செயலாளர் என்ற முறையில் நான் குழந்தையானேன். கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கரையோரம் தவழ்ந்தேன். நான்கு போன்களும் மணியடித்தன. ‘குளத்தருகே நாற்காலி.’

“விறைப்பா இருக்காதே மச்சான், குழந்தை மாதிரி குழைஞ்சு தவழு,” என்றார் அத்தான்.

குழைந்தேன். ‘குளத்தருகே நாய்.’

எனக்கு வழிகாட்டப் பெரியப்பாவே கரைக்கு வந்து குனிந்தார். ‘குளத்தருகே பந்து.’

பெரியப்பா தம் வயிற்றைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், பிறகு மருமகனைப் பார்த்தார்.

“அது இன்னும் கத்துக்கிட்டு இருக்கு மாமா. உதாரணம் நிறைய வேணும். நாலஞ்சு குழந்தைங்க விழுந்தா கப்புன்னு பிடிச்சுக்கும்.”

இந்த யோசனை ‘பரிசீலனைக்கு’ எடுத்துக்கொள்ளப்பட்டது.

தண்ணீர் அசைந்தால் அலறும் மிதவை ஒன்றும் வாங்கினோம். மிகவும் பொறுப்பான கருவி. இலை விழுந்தாலும் அலறியது. காக்கை வந்து மூக்கை நனைத்தாலும் அலறியது. பெரியப்பா கரையில் நின்று தும்மியபோதுகூட அலறியது. அது ஓயாமல் அலறிய ஒரு மத்தியான வேளையில், தூக்கம் கெட்ட பெரியம்மா எழுந்து போய் அதன் பேட்டரிகளைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து குளத்தில் பூரண அமைதி நிலவியது. குழு இதை அபாயம் நீங்கியதற்கான அறிகுறியாகக் கொண்டது.

அக்கா போன் செய்தாள். “வேலி போட்டாச்சா?”

“போர்டு வெச்சாச்சும்மா, கேமரா வெச்சாச்சு, அலாரம்கூட...”

“வேலிப்பா.”

“அதைக் கொள்கை அளவுல ஏத்துக்கிட்டோம்.”

போன் வைக்கப்பட்டது. பேத்தியைப் பார்க்காமல் இனி ஒரு நாளும் இருக்க முடியாது, நான் மகள் வீட்டுக்கே போகிறேன் என்று பெரியம்மா பெட்டியை இறக்கித் துணியை அடுக்க ஆரம்பித்தாள். பெட்டியின் மூடி சாத்தப்படுவதற்குள் கொள்கை அளவு செயல் அளவாகிவிட்டது.

வேலி வந்தது. மார்பளவு உயரம், கம்பிகளுக்கிடையே பூனை நுழையாது. கதவில் ஸ்பிரிங். அக்கா நேரில் வந்தாள். வேலியைப் பிடித்து உலுக்கினாள். கதவைத் திறந்து கையை விட்டாள். அது தானாக வந்து ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. இன்னொரு முறை திறந்து விட்டாள். ‘டக்’. அக்காவின் முகத்தில் சிரிப்பு வந்தது. “ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன்ப்பா.”

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பெரியப்பாவின் பழைய அலுவலக நண்பர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வேலிக்குள்ளே குளக்கரையில் நாற்காலிகள், மைக், கேக். குளத்தின் நடுவே, போட்டோவுக்காக, ஓர் ஆள் உயர மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து. சுண்டெலி காரிலிருந்து இறங்கும்போதே அதைப் பார்த்துவிட்டாள். அதன் பிறகு அவள் வேறெதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

விழாவுக்கு ஒரே இடையூறு, கதவு. ஜூஸ் தட்டோடு போனவரை முதுகில் அடித்தது. கேக்கைத் தூக்கி வந்தவரைக் கேக்கோடு சேர்த்து நெருக்கியது. பெரியப்பாவின் முன்னாள் மேலதிகாரியைப் பின்புறத்தில் தட்டி உள்ளே அனுப்பியது.

“இந்தக் கதவுக்கு ஆள் தராதரமே தெரியலையேப்பா,” என்றார் மேலதிகாரி.

அவசரக் கூட்டம் கூடியது, நின்றபடியே. விருந்து முடியும்வரை கதவுக்குத் ‘தற்காலிகத் தளர்வு’ அளிப்பதென்று முடிவானது. முட்டுக் கொடுக்கக் கனமாக ஏதாவது வேண்டுமே என்று தேடினோம். ‘கதவை எப்போதும் மூடி வைக்கவும்’ பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை நகர்த்தி வைத்தோம். கதவு அசையவில்லை. ஓர் அறிவிப்பு இவ்வளவு உறுதியாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குள்ளே, தன் சட்டையெல்லாம் ஜூஸாக இருந்த சுண்டெலியை அக்கா அத்தானிடம் ஒப்படைத்தாள். “ஒரு நிமிஷம் பாத்துக்கோங்க. காருல மாத்துச் சட்டை இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்.” வேலிக் கதவு திறந்து கிடப்பது அவளுக்குத் தெரியாது. தளர்வு ஆணையின் நகல் அவளுக்கு அனுப்பப்படவில்லை.

அத்தான் குழந்தையைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். கேமராவைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. “மச்சான், பாத்துக்கோ.” எனக்கோ அவசரக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைச் சூட்டோடு சூடாக எழுத வேண்டியிருந்தது. “சார், கொஞ்சம் பாத்துக்கோங்க,” என்றேன் வக்கீலிடம். அவர் வாயில் கேக் இருந்ததால் பெரியப்பாவைப் பார்த்து ஜாடை காட்டினார். பெரியப்பா அப்போதுதான் மைக்கைப் பிடித்திருந்தார். “எல்லாரும் குழந்தையைப் பாத்துக்கோங்க,” என்று மைக்கிலேயே அறிவித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

இவ்வாறு, ஒருவர் பொறுப்பில் இருந்த குழந்தை, ஒரு நிமிடம் முடிவதற்குள் அனைவர் பொறுப்பிலும் வந்து சேர்ந்தது. ஒரு குழந்தைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன வேண்டும்?

பெரியப்பா பேசினார். விழிப்புணர்வு பற்றிப் பேசினார். “ஒரு கணம்கூடக் கண்ணை எடுக்கக் கூடாது,” என்றபோது எல்லாக் கண்களும் அவர் மேலேயே இருந்தன. அப்போது எல்லாப் போன்களும் ஒன்றாக மணியடித்தன. எல்லாரும் குனிந்து பார்த்தோம். ‘குளத்தில் பந்து.’

“ஒண்ணுமில்லை, பந்துதான்,” என்று அத்தான் உரக்கச் சொன்னார். நிம்மதியாக நிமிர்ந்தோம். பெரியப்பா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஒரு விஷயத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். தண்ணீரில் விழுகிறவர் கத்துவார், கையை வீசுவார், குறைந்தபட்சம் ‘தொபுக்’ என்றாவது ஒரு சத்தம் தருவார் என்ற நல்லெண்ணத்தின் மேல்தான் எங்கள் ஏற்பாடுகள் அனைத்தும் எழுப்பப்பட்டிருந்தன. சுண்டெலி ஒத்துழைக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. கடைசி நாற்காலி வரிசைக்கு ஒரு கை தூரத்தில், தண்ணீர் தன் பாட்டுக்கு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

அக்கா சட்டையோடு வந்தாள். திறந்த கதவைப் பார்த்தாள். அத்தானின் கையைப் பார்த்தாள்; அதில் போன் இருந்தது. அதற்குப் பிறகு அவள் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்து, செருப்போடும் கைப்பையோடும் குதித்தாள். தலைவரின் உரை முழுக்க நனைந்தது.

மேலே வந்தபோது அவள் கையில் சுண்டெலி இருந்தாள். குழந்தை இருமியது. தண்ணீரும் ஜூஸுமாக வக்கீலின் பூட்ஸில் வாந்தி எடுத்தது. பிறகு ஊரைக் கூட்டும்படி அழுதது. அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லாத அந்த அழுகைதான், அன்று அங்கே கேட்டவற்றுள் உருப்படியான பேச்சு.

“வாத்து வேணும்,” என்றாள் அழுகைக்கு நடுவே.

அக்கா கத்தவில்லை. சொட்டச் சொட்ட நின்றபடி கேட்டாள். “யாரு பாத்துக்கிட்டு இருந்தீங்க?”

“எல்லாரும்தாம்மா,” என்றார் பெரியப்பா.

அக்கா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். ஒரு பல் டாக்டருக்கு முன்னால் இத்தனை பேர் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது அநேகமாக அதுவே முதல் முறை. அவள் பலகையைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, குழந்தையோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். கதவு தானாக வந்து பூட்டிக்கொண்டது.

குழந்தையின் நெஞ்சில் தண்ணீர் தங்கவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன செய்தி மாலையில் வந்தது. உடனே குழு கூடியது. முன்னறிவிப்பின்றி நீரில் இறங்கியதற்காக சுண்டெலிக்குக் கண்டனம் தெரிவிக்கப்பட்டது. குளிக்காமல், செருப்போடு குளத்தில் இறங்கிய அக்காவின் விதிமீறலை, வக்கீலின் பரிந்துரையின் பேரில், மனிதாபிமான அடிப்படையில் மன்னித்தோம். கேமராவுக்கு முதல் உதாரணம் கிடைத்துவிட்டதை அத்தான் தணிந்த குரலில் தெரிவித்தார். அதற்குப் பிறகு அவர் தலை நிமிரவில்லை.

இறுதியாக நான் ஒரு யோசனை சொன்னேன். “பெரியப்பா, அக்காவையும் குழுவுல சேர்த்துடலாமே?”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இறுதியில் பெரியப்பா தலையை ஆட்டினார்.

“வேணாம்டா. அவளும் வந்து நம்மளோட குழுவுல உக்காந்துட்டா, அப்புறம் குழந்தையை யாரு பாத்துக்கறது?”

இந்தக் கேள்விக்கு எங்கள் நால்வரிடமும் பதில் இல்லை. ஆகவே, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.