நான்காம் மாடிக் கழிப்பறை

மனித குலம் தன் சிறுநீரைப் பற்றி இவ்வளவு துல்லியமாக அறிந்து வைத்திருந்த பொற்காலம் இதற்கு முன் இருந்ததில்லை. அந்தப் பொற்காலம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அரசுப் பள்ளியில், சென்ற செப்டம்பரில் பிறந்தது. அதற்கு 'வழித்துணை' என்று பெயர் வைத்தார்கள். வகுப்பை விட்டு வெளியே போகும் பிள்ளை மேசைக் கணினியைத் தட்டி மின்சீட்டு எடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி தட்ட வேண்டும். போனது, வந்தது எல்லாம் வினாடி சுத்தமாகப் பதிவாகி, பத்தொன்பது 'கல்விப் பங்காளி' நிறுவனங்களுக்குப் போகும். அவர்கள் அதை ஆராய்ந்து பிள்ளையின் எதிர்காலத்தை அனுப்பி வைப்பார்கள்.

நெரெய்டா குவிலெஸ் இந்த மகத்துவம் புரியாத தாய். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலை அவளுக்கு. அக்டோபர் மாதம் ஒருநாள் அவள் கைபேசிக்கு மகளின் எதிர்காலம் வந்து சேர்ந்தது. 'யாரெலிஸ், ஐந்தாம் வகுப்பு. அபாய நிலை: சிவப்பு. சராசரிக் கழிப்பறைப் பயணம்: பதினொரு நிமிடம், நாற்பது வினாடி. பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு: நூற்றுக்கு முப்பத்தொன்பது.'

"பதினோரு நிமிஷம் உள்ள என்னடி பண்ற?"

"உள்ள ஒரு நிமிஷம்தாம்மா. மிச்சமெல்லாம் படிக்கட்டு. கீழ பூட்டிக் கிடக்கு. ரெண்டாவது மாடியில தண்ணி வராது. மூணாவதுல புதுக் கம்ப்யூட்டர் பெட்டியெல்லாம் அடுக்கி வச்சிருக்காங்க. நாலாவதுக்குத்தான் போகணும். அங்க போனா கியூ."

"அப்ப என்ன பண்றது?"

"நான் ஸ்கூல்ல தண்ணி குடிக்கறதயே விட்டுட்டேன். சிவப்பு பச்சையாயிடும் பாரு."

சிவப்பு பச்சையாவதற்குள் காய்ச்சல் வந்தது. சிறுநீர்த் தொற்று என்றார் மருத்துவர். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது, இன்னொரு முறை வந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்றும் சொன்னார். பாவம், அவருக்கு வழித்துணையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நெரெய்டா நேராகத் தலைமை ஆசிரியை டெல்வெக்கியோவின் அறைக்குப் போனாள்.

"என் பொண்ணோட பதிவ எனக்குக் காட்டுங்க மிஸ்."

"முடியாதுங்க. மாணவர் அந்தரங்கம். அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

"நான் அவளப் பெத்தவ."

"அதனாலதான் கூடுதல் ஜாக்கிரதையா இருக்க வேண்டியிருக்கு."

"பத்தொம்போது கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்தீங்களே?"

"அவங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க போட்டிருக்கீங்களா?"

நெரெய்டா யோசித்துப் பார்த்தாள். பிள்ளையைப் பெற்றபோது அப்படி எதிலும் கையெழுத்துப் போட்ட நினைவில்லை.

"சரி, காட்ட வேணாம். அழிச்சிடுங்க."

"அழிக்கற வசதியே அதுல கிடையாதுங்க" என்று டெல்வெக்கியோ மிகுந்த வருத்தத்தோடு சொன்னாள்.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். கல்வி மாவட்டக் கண்காணிப்பாளர் டாக்டர் வின்ஃபீல்ட் ஆஷ்க்ராஃப்ட் நேரில் எழுந்தருளினார். நாற்பது நிமிடம் 'உரையாடல்' என்பதன் அருமையைப் பற்றித் தனியாகப் பேசினார். பிறகு ஒவ்வொரு பெற்றோருக்கும் வழக்கம்போல இரண்டு நிமிடம் தரப்பட்டது. நெரெய்டா பூட்டுக் கதையைச் சொல்லி, கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கு வந்தபோது மணி அடித்து ஒலிபெருக்கி அணைந்தது.

"உங்க கவலை புரியுது. ஆனா வழித்துணை எவ்வளவு சுலபம்னு நானே செஞ்சு காட்டறேன்" என்றார் ஆஷ்க்ராஃப்ட். மேடைக் கணினியில் 'மாணவர்' என்பதைத் தட்டி, தன் பெயரை அடித்து, மின்சீட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் பெரிய கோப்பையில் காப்பி குடித்திருந்ததால் விளக்கத்துக்கு அவசியமும் சேர்ந்திருந்தது. மேடைத் திரையில் வினாடிகள் ஓடின.

ஐந்து நிமிடம் ஆயிற்று. நெரெய்டாவின் பக்கத்தில் டாக்ஸி ஓட்டுநர் டியாலோ உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதே பள்ளியில் மூன்று பிள்ளைகள். "இந்நேரம் கீழ் மாடிப் பூட்ட ஆட்டிப் பாத்துட்டிருப்பாரு" என்றார்.

பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. "இப்ப மூணாவதுல பெட்டியெல்லாம் நகத்தறாரு போல" என்றாள் நெரெய்டா.

பதினைந்தாவது நிமிடத்தில் திரை சிவந்தது. 'மாணவர்: வின்ஃபீல்ட். இலக்கின்றித் திரியும் போக்கு. பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு: நூற்றுக்கு இருபத்திரண்டு. பெற்றோரை அழைத்து வரவும்.' அரங்கம் கைதட்டியது. இருபத்து மூன்றாவது நிமிடத்தில் கண்காணிப்பாளர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, திரையைப் பார்த்து வெளிறிப் போனார்.

"முதல்ல இத எடுங்க" என்று தலைமை ஆசிரியையிடம் சீறினார். "ஒரு மனுஷன் எங்க போறான், எவ்வளவு நேரம் உக்காந்திருக்கான்கறதெல்லாம் அவனோட சொந்த விஷயம்."

அந்தரங்கத்தைப் பற்றி இதைவிட உருக்கமான உரை அந்த அரங்கில் நிகழ்ந்ததில்லை. டெல்வெக்கியோ குனிந்து இரண்டு தட்டுத் தட்டினாள். 'மாணவர்' என்பது 'பார்வையிட வந்த அதிகாரி' என்று மாறியது. பதிவு சுவடில்லாமல் மறைந்தது.

நெரெய்டா எழுந்தாள். "அழிக்கற வசதியே இல்லேன்னீங்க?"

"பசங்களுக்கு இல்லங்க. அதிகாரிகளோட பதிவ வச்சுக்கறதில்ல. விதி."

"உங்க ரெண்டு நிமிஷம் எப்பவோ முடிஞ்சுபோச்சு" என்றார் ஆஷ்க்ராஃப்ட்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் வரிசை நகரவில்லை. உள்ளே நுழைகிறவர்கள் தாங்கள் யாரென்று தட்டிவிட்டுப் போகும் கணினி முன் நெரெய்டா யாரெலிஸோடு நின்றாள். 'பார்வையிட வந்த அதிகாரி' என்பதைத் தட்டி, மகளின் பெயரை அடித்தாள். பின்னால் டியாலோ தன் மூன்று 'அதிகாரி'களோடு காத்திருந்தார். அவருக்குப் பின்னால் தெருமுனை வரை அதிகாரிகள். டெல்வெக்கியோ ஓடி வந்தாள்.

"என்ன விளையாட்டு இது? இவ அதிகாரியா?"

"ஆமா மிஸ். கக்கூஸப் பாத்துட்டுப் போக வந்திருக்கா. இதுக்கு முன்னாடி யாராவது வந்து பாத்திருந்தா சொல்லுங்க, திருப்பிக் கூட்டிட்டுப் போயிடறேன்."

டெல்வெக்கியோ மேசை மேலிருந்த வருகைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். ஒன்பது ஆண்டுகள். புது மென்பொருளைத் தொடங்கிவைக்க வந்தவர்கள் இருந்தார்கள், அதற்கு அடுத்த மென்பொருளைத் தொடங்கிவைக்க வந்தவர்கள் இருந்தார்கள், தொடங்கிவைத்ததைப் பாராட்ட வந்தவர்களும் இருந்தார்கள். கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

கழிப்பறையைப் பார்க்கவென்று அந்தப் பள்ளிக்கு வந்த முதல் அதிகாரி யாரெலிஸ்தான். வயது பத்து.