அடிமண் சூடு பார்க்கும் ஆசாமி

ஒரு கோடையில் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனேன். படிக்கட்டு முடிகிற இடத்திலிருந்து கொடிக்கயிறு வரைக்கும் நனைத்த சாக்குகளை யாரோ வரிசையாக விரித்து வைத்திருந்தார்கள். கால் சுடாமல் போய், கால் சுடாமல் திரும்பினேன். என் வீட்டுக்காரர் செய்த வேலையாக இருக்கும் என்று நினைத்து, அன்று சாயங்காலம் அவர் டீயில் சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். அவர் வெளியூர் போயிருந்த நாளிலும் சாக்கு ஈரமாக இருந்தபோதுதான் சந்தேகம் வந்தது. விசாரித்தால், ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியது என் கொழுந்தன். கேட்டதற்கு, "அது உங்களுக்காக இல்லை அண்ணி. ஈரம் இருந்தா தளம் எவ்வளவு ஆறுதுன்னு ஒரு சோதனை," என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

இப்படிப்பட்ட நல்ல மனிதரைக் கேலி செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம். அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். "என்னைப் பத்தி என்ன வேணா எழுதுங்க அண்ணி. அடிமண்ணைப் பத்தி மட்டும் தப்பா எழுதிடாதீங்க" என்பதுதான் ஒரே நிபந்தனை.

எதை எடுத்தாலும் அதற்கு அடியில் போய்க் காரணம் தேடுகிற ரகம் ஒன்று இந்த உலகத்தில் உண்டு. உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார், யோசித்துப் பாருங்கள். தலை வலிக்கிறது என்றால் வயிற்றைக் கேட்பார். கதவு கிறீச்சென்றால் அஸ்திவாரத்தைச் சந்தேகப்படுவார். குழந்தை அழுதால், அதற்குப் பசிக்கிறதா என்று பார்க்காமல், அதன் தாத்தா சின்ன வயதில் எப்படி அழுதார் என்று விசாரிப்பார். என் கொழுந்தன் இந்த ரகத்திலேயே உயர்ந்த கிளை. மற்றவர்கள் பேச்சுக்கு அடியில் போகிறார்கள்; இவர் நிஜமாகவே மண்ணுக்கு அடியில் போகிறார்.

வானிலை ஆபீசில் வேலை. அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் நம் ஊரையே சின்னதாகச் செய்து வைத்திருக்கிறார்களாம். அதற்குப் பெயர் மாடல். தார் ரோடு, தகரக் கூரை, சிமெண்ட் தரை எல்லாம் அதற்குள் உண்டு. இன்றைய வெயில், காற்று, மேகம் எல்லாவற்றையும் அதற்கு ஊட்டிவிட்டால், நாளைக்கு எந்தத் தெரு எவ்வளவு சுடும் என்று அது சொல்லும். அந்த ஆபீசில் ஒருவர் வெயிலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார், இன்னொருவர் காற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். என் கொழுந்தன் மண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, கொதிக்கிற பாத்திரத்தை இறக்கி ஈரத் தரையில வைங்க. அதே மாதிரி இன்னொண்ணை இப்பத்தான் அணைச்ச அடுப்பு மேலயே விடுங்க. எது சீக்கிரம் ஆறும்?"

"ஈரத் தரையில வச்சதுதான் தம்பி. இதுகூடத் தெரியாதா?"

"அவ்வளவுதான் விஷயம்! ரோடுதான் பாத்திரம். அடிமண்ணு குளுமையா இருந்தா ரோட்டுச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இழுத்துக்கும். அடிமண்ணே வெந்து கிடந்தா? சூடு எங்க போகும்? மேலயே நிக்கும். பொழுது சாய்ஞ்ச பிறகும் நம்ம மேல ஊதும். இது தெரியாம, ஊருக்கு மொத்தமா அடிமண்ணுக்கு ஒரே நம்பரைப் போட்டு மாடலை ஓட்டுறாங்க, பாவிங்க!"

பாவிகள் என்பது அவருடன் வேலை செய்கிறவர்கள்.

ஒரு தடவை சொன்னால் புரிந்துவிடுகிற விஷயம். ஆனால் ஒரு தடவையோடு விடுகிற ஆளா அவர்? மற்ற ஆண்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள்; இவர் நீள ஊசி வைத்த தெர்மாமீட்டர் வைத்திருப்பார். பூங்காவுக்குப் போனால் பூவைப் பார்க்க மாட்டார், செடிக்கு அடியில் ஊசியைச் செருகுவார். பஸ் நிறுத்தத்தில் பஸ் வருகிறதா என்று பார்க்க மாட்டார், குனிந்து உள்ளங்கையை ரோட்டில் வைத்துப் பார்ப்பார், பின்னால் நிற்கிற நாலு பேர் ஏதோ காசைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு அவர்களும் குனிந்து தேடுவார்கள், அதற்குள் பஸ் போய்விடும். தவறவிட்டதற்குக் கொஞ்சமாவது வருத்தம் உண்டா? கிடையாது. தேடியவர்களுக்கெல்லாம் அடிமண் பாடம் நடக்கும்.

இன்னொன்று. மாடலை ஓடவிட்ட உடனே அது சொல்வதை நம்பக் கூடாதாம். மண் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். அதனால் மாதக் கணக்கில் சும்மா ஓடவிட்டு, அடிமண் ஒரு நிதானத்துக்கு வந்த பிறகுதான் கேள்வி கேட்க வேண்டுமாம். ஆபீசுக்கு இது சரியாக இருக்கலாம். இந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். புதுச் செருப்பு கடிக்கிறதா? "செட்டில் ஆகட்டும்." புது மிக்ஸி புகைகிறதா? "செட்டில் ஆகட்டும்." அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி, ஒருநாள் பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் செட்டில் ஆயிடுச்சு அக்கா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவரு ஒருத்தருதான் இன்னும் ஆகலை."

ஆபீஸ் கூட்டத்தில் நடப்பதையும் அவள்தான் வந்து சொல்வாள். டைரக்டர் கேட்பாராம்: "நாளைக்கு வெயில் எச்சரிக்கை விடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி, அடிமண்ணுக்கு எந்த நம்பர் போட்டிருக்கோம்?"

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாராம். அவர் கண்ணாடியைத் துடைத்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும் என்று அந்த ஆபீசில் எல்லாருக்கும் தெரியும்.

தூரத்து உறவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அடக்கம் செய்யக் கூடி நின்றோம். என் கொழுந்தன் மெல்ல முன்னால் போய், குழி வெட்டியவரிடம் குனிந்து, "அடியில குளுமையா இருக்கா?" என்று கேட்டார். இறந்தவரின் மகள் அதைக் கேட்டுவிட்டு, "என் அப்பா மேல எவ்வளவு பாசம்!" என்று தேம்பித் தேம்பி அழுதாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் தோள் குலுங்கியதைப் பார்த்து இரண்டு பேர் எனக்கும் ஆறுதல் சொன்னார்கள். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

இதுவரைக்கும் சிரிப்புதான். இனி என் மாமனார் வருகிறார்.

தள்ளாத வயது. போன கோடையில் ரோட்டைப் பார்த்த முன் அறையில் படுத்திருந்தவர், உச்சி வெயில் நேரத்தில் மயங்கிவிட்டார். "இன்னொரு தடவை இவரைச் சூட்டுல விட்டீங்கன்னா நான் பொறுப்பில்லை," என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே இந்த வருடம் வெயில் தொடங்குவதற்கு முன்பே, அவர் கட்டிலை எங்கே போடுவது என்று வீட்டில் கூட்டம் போட்டோம். பக்கத்து வீட்டுச் சுவரின் நிழல் விழுகிற சின்ன அறை ஒன்று உண்டு. நான் பிரார்த்தனை செய்கிற இடம். இன்னொன்று பின் அறை. விசாலமானது. ஆனால் அதன் கதவைத் திறந்தால் பின்முற்றம். அங்கே என் வீட்டுக்காரர் வண்டி நிறுத்துவதற்காக ஒரு சாண் மண் விடாமல் சிமெண்ட் போட்டு, அந்த வழவழப்பை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

"சின்ன ரூமே போதும்," என்றேன்.

"ஊகத்துல முடிவு பண்ணாதீங்க அண்ணி. நம்ம தெருவை மாடல்ல ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றார் கொழுந்தன்.

ஓட்டினார். மண் செட்டில் ஆகட்டும் என்று வாரக் கணக்கில் ஓட்டினார். கடைசியில் ஒரு வண்ணப் படத்தோடு வந்தார். ஊர் முழுக்கச் சிவப்பு, ஆரஞ்சு. எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் மட்டும் நல்ல நீலம்.

மாமனார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இதுல நான் எங்கடா இருக்கேன்?"

"இதோ, இந்த நீலக் கட்டத்துல அப்பா. பின் ரூம். பொழுது சாய்ஞ்சா ஜில்லுனு ஆயிடும்."

"நீலம் நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர்.

கட்டில் பின் அறைக்குப் போனது. படம் பிரிட்ஜ் மேல் ஒட்டப்பட்டது. வெயில் ஏறியது. கொழுந்தன் ஆபீஸ் விட்டு வந்ததும், "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்பார், கேட்டுக்கொண்டே பிரிட்ஜைப் பார்ப்பார், "இருப்பார், இருப்பார், நீலம்தானே," என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

ஒரு சாயங்காலம் டீ கொண்டுபோன என் ஓரகத்தி கத்தினாள். ஓடினோம். மாமனாரின் உதடு வெடித்துக் கிடந்தது. கையைத் தொட்டால் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது போல இருந்தது. என்னைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்றார். கடவுள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

"உன் நீலத்தை நம்பித்தானேடா அவரை அங்க படுக்க வச்சோம்!" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே என் வீட்டுக்காரர் கத்தினார். அடிமண் என்ற வார்த்தைகூடத் தம்பி வாயில் வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நேராக ஆபீசுக்குப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது மாமனாருக்கு நினைவு தெளிந்திருந்தது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கொழுந்தன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"அண்ணா, எல்லாத்தையும் திரும்பப் பார்த்தேன். வெயில் சரி. காத்து சரி. மேகம் சரி."

"அப்புறம் எதுடா தப்பு?"

"அடிமண்ணு."

சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அப்பாவுக்காக ஓட்டினதுல மத்த தெருவுக்கெல்லாம் ஒண்ணொண்ணா அளந்து நானே நம்பர் போட்டேன். நம்ம வீட்டுக்கு மட்டும் போடலை. மாடல்ல முன்னாடியே என்ன இருந்துச்சோ அதை அப்படியே விட்டுட்டேன். அதுல இருக்கிற வரைபடம் பழசு அண்ணா. நம்ம வீடு அதுல இன்னும் வயல். தண்ணி பாய்ஞ்ச வயல்."

பார்த்தீர்களா? டைரக்டர் முதல் குழி வெட்டியவர் வரைக்கும் ஒருவரையும் விடாமல் அடிமண்ணைக் கேட்ட மனிதர், தன் காலடி மண்ணை மட்டும் கேட்கவில்லை. சட்டைப் பையில் ஊசி இருக்கிறது. பின்முற்றம் கூப்பிடு தூரம்கூட இல்லை. ஏன் கேட்கவில்லை? நம் வீடு நமக்குத் தெரியாதா என்கிற நினைப்பு. வேறென்ன?

மாமனார்தான் மெதுவாக வாயைத் திறந்தார். "அப்போ என்னை வயல்லயாடா படுக்க வச்சே? நல்லவேளை, உழுறதுக்கு ஆள் வரலை."

முதலில் சிரித்தது நர்ஸ். அப்புறம் என் வீட்டுக்காரர். அப்புறம் எல்லாரும். கொழுந்தன் மட்டும் அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

மாமனார் வீட்டுக்கு வந்து சின்ன அறையில் படுத்தார். நான் பிரார்த்தனையைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டேன். கடவுள் இடம் பார்ப்பதில்லை. கொழுந்தன் ஒரு கடப்பாரையோடு பின்முற்றத்தில் இறங்கினார். "டேய், போன வருஷம் போட்ட சிமெண்டுடா!" என்று அண்ணன் அலறினார். தம்பி கடப்பாரையை ஓங்கினார். ஒரு மூலையை உடைத்து, உள்ளே தெரிந்த மண்ணில் ஊசியைச் செருகி, கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் அதைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். பிறகு கடப்பாரையைத் தம்பியிடமிருந்து வாங்கி, தானே மீதியை உடைக்கத் தொடங்கினார்.

இதோடு கொழுந்தன் திருந்திவிட்டார் என்று நினைத்தால் இந்த ரகத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். முன்பு, "எந்த நம்பர்?" என்று மட்டும் கேட்பார். இப்போது, "எந்த நம்பர், யார் போட்டது, எப்போ போட்டது?" என்கிறார். தன் தப்பைக் கூட்டத்தில் தானே எழுந்து சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு உட்கார்ந்தாரா? ஆபீஸ் தினமும் ஓட்டுகிற மாடலின் வரைபடத்தை விரித்துவிட்டாராம். "நான் மட்டும் இல்லை சார். நீங்களும் வயல்லதான் இருக்கீங்க. இந்தாங்க, இதுதான் உங்க வீடு." டைரக்டர் கண்ணாடியைத் துடைக்கக்கூட மறந்துவிட்டாராம். புதிதாக எழுந்த தெருக்களெல்லாம் அந்த மாடலில் வயலாகவும் தோப்பாகவும்தான் கிடந்தன. எல்லாவற்றையும் திருத்தச் சொன்னார்கள். திருத்தி முடித்ததும், அடுத்த ஊரையும் திருத்து என்று அங்கே மாற்றிவிட்டார்கள். பாராட்டி அனுப்பினார்களா, தொல்லை விட்டது என்று அனுப்பினார்களா என்பது எனக்குத் தெரியாது.

நீங்கள் சிரித்தீர்கள் அல்லவா? சட்டைப் பையில் ஊசி இல்லாததால் நாம் அந்த ரகம் இல்லை என்று ஒரு நிம்மதி. இருக்கட்டும். வழியில் ஒருவர் உங்களை நிறுத்தி, "வீட்டுல அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறார். உங்கள் வாய் உடனே, "நல்லா இருக்காங்க," என்கிறது. அந்த நம்பரை எங்கிருந்து எடுத்தீர்கள்? இன்று காலையில் பார்த்து எடுத்ததா, எப்போதோ போட்டு வைத்ததா? மெதுவாகவே யோசியுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.

கொழுந்தனை வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போயிருந்தோம். ஓரகத்தி உள்ளே மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். வண்டி நகரத் தொடங்கியது. அவர் கதவோரம் நின்று, என்னைக் கிட்டே வரச் சொல்லிச் சைகை செய்தார். கூடவே நடந்தேன்.

"தினமும் போன் பண்ணுவேன் அண்ணி. அப்பா எப்படி இருக்கார்னு கேட்டா, உடனே பதில் சொல்லிடாதீங்க. போனை அப்படியே வச்சுட்டுப் போய் அவர் கையைத் தொட்டுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."