ஓடிபி அண்ணனின் பழைய கம்ப்யூட்டர்

கம்பம் பள்ளத்தாக்கில் ஓடிபி அண்ணனை ஏமாற்றியவர் ஒருவர்கூடக் கிடையாது. ஏமாற்ற நினைத்தவரும் அநேகமாகக் கிடையாது. இருந்தாலும் மனிதர் தினமும் காலையில் கடையைத் திறந்து சாயங்காலம் பூட்டுவதற்குள் நாலைந்து சதிகளிலிருந்து தப்பித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அந்தப் பெயர் வந்தது கேஸ் சிலிண்டரால். சிலிண்டர் கொண்டுவந்தவர், போனுக்கு வந்திருக்கும் ஓடிபி நம்பரைக் கேட்டிருக்கிறார். போன் கடையில் அண்ணனிடம் இருந்தது. அண்ணி பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டு நம்பரைக் கேட்டால், இவர், "நீ என் சம்சாரம்தான்னு நான் எப்படி நம்புறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வாசல்வரை வந்த சிலிண்டர் திரும்பிப் போனது. அன்று மதியம் அண்ணன் ஓட்டலில் சாப்பிட்டார். அதன் பிறகு சொந்தப் பெயர் அவருக்கே அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

கம்பத்தில் அவர் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் சுற்றுவட்டாரம் அவரிடம்தான் வரும். அதே கட்டடத்து மாடியில் நான் டியூஷன் சென்டர் நடத்திவந்தேன். டீச்சர் என்பதால், எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்கச் சொல்லிக் கூப்பிடுவார். நான் திரையைப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்ப்பார். ஒரு டிசைனைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டால் போதும், மானிட்டரை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். நான் மனப்பாடம் செய்துகொண்டு போய் எதிர்க்கடையில் வரைந்துகொடுத்துவிடுவேனாம். எனக்கு ஒழுங்காக ஒரு வட்டம் போட வராது.

அவருடைய கம்ப்யூட்டர் நல்ல வயதானது. ஆன் செய்தால் மாவு அரைக்கிற சத்தம் வரும். ஒருநாள் அதன் திரையில், இந்தப் பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அண்ணன் என்னை அழைத்து வாசிக்கச் சொன்னார். அர்த்தம் கேட்டதும், எவனோ மிரட்டுகிறான் என்று முடிவுசெய்து, அந்த இடத்தில் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டார்.

மிரட்டலுக்குப் பயப்படாதவர் வீரபாண்டித் திருவிழாவுக்குப் பயப்பட வேண்டியதாயிற்று. பேனர் வேலை குவிந்து கிடக்கிற நேரம். கம்ப்யூட்டர் அம்மன் படத்தில் பாதியைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுபோனது. வேறு வழியில்லாமல் தேனியிலிருந்து மெக்கானிக் செல்வத்தை வரவழைத்தார்.

செல்வம் பொறுமையான இளைஞர். டிஸ்க்கை முழுசாக அழித்துவிட்டுப் புதிதாக சிஸ்டம் போட்டால் இன்னும் சில வருடங்கள் ஓடும் என்றார். அதற்கு முன்னால் ஃபைல்களை எல்லாம் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவைத்துக்கொள்ளலாம்; இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும் என்றும் சொன்னார்.

"போயிரும்னா, யாருகிட்டப் போகும்?" என்றார் அண்ணன்.

யாரிடமும் போகாது, அழிந்துவிடும் என்று செல்வம் விளக்கினார். அண்ணனுக்கு அது நம்புகிற மாதிரி இல்லை. அழிகிற பொருள் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? உடனே இன்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கி, அந்தப் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புது சிஸ்டம் இருந்த பென் டிரைவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இம்புட்டுக்குள் எப்படி அம்புட்டும் அடங்கும் என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அதனால் என்மேலும் சந்தேகம் கூடியது.

செல்வம் ஃபைல்களைக் காப்பி எடுக்க ஆரம்பித்தார். அண்ணன் டீக்குச் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது என்றார். அடுத்து அழிக்கலாமா என்று கேட்டார்.

"இத்தனை வருசம் சேத்தது இம்புட்டு வெரசா எப்படித் தம்பி போகும்?"

மெஷின் அப்படித்தான் என்றார் செல்வம். அண்ணன் விடவில்லை. காப்பியை வேறு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து காட்டினால்தான் ஆச்சு. செல்வத்தின் லேப்டாப்பில் பார்ப்பதற்கும் சம்மதிக்கவில்லை. கடைசியில் மூவரும் மாடியேறி, என் டியூஷன் சென்டர் கம்ப்யூட்டரில் அந்த ஹார்டு டிஸ்க்கைச் சொருகினோம்.

பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் சின்னதாக ஓர் அம்புக்குறி. திறந்தால், ஃபைல் இல்லை என்றது. அடுத்ததும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. வந்திருந்தவை வெறும் வழிகாட்டிப் பலகைகள்; அவை காட்டிய வீடுகள் எல்லாம் கீழே பழைய டிஸ்க்கிலேயே இருந்தன. செல்வத்துக்கு முகம் வெளிறிவிட்டது.

அண்ணன் இனிமேல் ஊரைக் கூட்டப்போகிறார் என்று நான் கதவைச் சாத்தினேன். அவரோ என் மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சொன்னார், மெதுவாக, திட்டாமல். அவர் திட்டாததுதான் செல்வத்தை அதிகம் உலுக்கியது.

இந்தத் தடவை காப்பி எடுக்கச் சாயங்காலம்வரை ஆனது. அண்ணன் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தார். வாய் தானாகப் பேசிக்கொண்டே போனது. இந்தப் பிள்ளை காமயகவுண்டன்பட்டி, இப்போது கல்யாணமாகிக் கட்டப்பனையில் இருக்கிறது. இவர் பஸ் டிரைவர், சிரிக்கச் சொன்னால் முறைப்பார். ஒரு வயதானவர் படம் வந்ததும் அங்கேயே நின்றார். தலையில் துண்டு கட்டிய, மங்கலான முகம்.

"இவுக மேகமலை எஸ்டேட் லயன் வீட்டுல இருந்தாக. செத்து வருசமாச்சு. மக வருசா வருசம் வந்து இந்தப் போட்டோவைக் கேக்கும். அதுக போன் தொலைஞ்சுபோச்சு டீச்சர். அப்பா முகம் இங்கன மட்டுந்தான் இருக்கு."

செல்வம் தானாகவே, இன்னொரு காப்பியும் எடுத்துவைக்கலாம் அண்ணே என்றார்.

அழித்து, புது சிஸ்டம் ஏறியது. அது மொழியைக் கேட்டது, நாட்டைக் கேட்டது. அதுவரை அண்ணன் பொறுத்துக்கொண்டார். இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டபோது செல்வத்தின் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டதற்கு, கருப்பசாமி என்று போடச் சொன்னார். அது அவர் பெயரும் இல்லை, அவர் பரம்பரையில் யார் பெயரும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் இன்றைக்கும் தினமும் காலையில் கருப்பசாமியைத்தான் வரவேற்கிறது. அண்ணன் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொள்கிறார்.

மாவு அரைக்கிற சத்தம் மட்டும் நிற்கவில்லை. மற்றபடி அம்மன் முழுசாக வந்தாள். திருவிழா பேனர்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

திருவிழா முடிந்த வாரம் அண்ணன் மாடிக்கு வந்தார். பாடம் நடந்துகொண்டிருந்தது. என்னை வெளியே கூப்பிட்டு, படிக்கட்டில் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். செல்வம் எடுத்த இரண்டாவது காப்பி.

"கடையில ஒண்ணு இருக்கு. இது உங்க வீட்டுல இருக்கட்டும் டீச்சர். யாருகிட்டயும் சொல்லாதீக."

ஏன் என்னிடம் என்று கேட்டேன். உங்களுக்குத்தான் வட்டம்கூடப் போடத் தெரியாதே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பிறகு நான் தேனிக்கு வீடு மாறிவிட்டேன். பொட்டலம் என் பீரோவில் இருக்கிறது. இதுவரை அவிழ்த்துப் பார்த்ததில்லை. ஊருக்குக் கிளம்பினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு, பீரோவைப் பூட்டினேனா என்று திரும்பி வருகிறேன். உள்ளே எத்தனையோ பேர் இருக்கிறார்களே.